10 மடங்கு லூப்: பறக்காத வெட்டுக்கிளியை அடையாளம் காணப் போதுமா?

நகைப் பட்டறைகளில் கல் பார்க்க வைத்திருக்கும் அதே மடக்கு லூப்தான், அதாவது கையடக்க உருப்பெருக்கி. 10 மடங்கு, 21 மி.மீ. கண்ணாடி, மூன்று வில்லைகளை ஒட்டிச் செய்த ரகம். கடலூர் கேப்பர் மலைச் செம்மண் சரிவிலோ புதுச்சேரி ஊசுட்டேரிக் கரையிலோ பூச்சி பார்க்கப் போகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான்.

இறக்கை இல்லாததெல்லாம் பறக்காத இனம் ஆகிவிடாது. எருக்கஞ்செடியில் மேயும் வண்ண வெட்டுக்கிளியின் குஞ்சும் பறக்காது, வளர்ந்தால் பறக்கும். குழப்பமே இங்குதான். தோலுரித்து வளரும் குஞ்சுகளின் கடைசி இரண்டு பருவங்களில் இறக்கை மொட்டு முதுகுக்கு ஏறிவிடும். அப்போது பின்னிறக்கை மொட்டு வெளியே, முன்னிறக்கை மொட்டு அதனடியில் இருக்கும். வளர்ந்த குட்டையிறக்கை இனங்களில் நேர்மாறாக முன்னிறக்கைதான் மேலே மூடும். இது ஓரிரு மி.மீ. சமாச்சாரம். வெறுங்கண்ணுக்குப் பிடிபடாது, லூப்பில் தெளிவாகத் தெரியும்.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படும் ஆர்த்தாக்ரிஸ் என்ற வெட்டுக்கிளிப் பேரினத்தில் இந்தச் சோதனை உதவாது. வளர்ந்த பிறகும் அதற்கு இறக்கை இல்லை. கூம்புத் தலை, ஒடுங்கிய உடல், குட்டையான உணர்கொம்பு. வளர்ந்ததா என்று அறிய வால்முனையைப் பாருங்கள்: பெண்ணில் முட்டையிடும் உறுப்பின் இதழ்கள் கெட்டியாகிக் கூர்த்திருக்கும். தலை நுனியின் நடுப்பள்ளம் பிர்கோமார்ஃபிடே என்ற வெட்டுக்கிளிக் குடும்பத்தைக் காட்டும். ஆனால் எருக்கு வெட்டுக்கிளியும் அதே குடும்பம்தான், பள்ளத்தை மட்டும் நம்பக் கூடாது. எந்த இனம் என்று உறுதிசெய்ய ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு மைக்ராஸ்கோப் வேண்டும், லூப் போதாது.

லூப்பைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, பூச்சியை 2.5 செ.மீ. தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். கையை நீட்டிப் பிடித்துப் பார்ப்பவர்கள்தான் ‘ஒன்றும் தெரியவில்லை’ என்கிறார்கள். பூச்சியைக் கண்ணாடிக் குழாயில் போட்டுச் சில நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்தால் துள்ளாது.

‘30 மடங்கு’ என்று அச்சிட்ட மலிவு லூப்புகளைத் தவிர்த்துவிடுங்கள். வாங்கும்போதே கிராஃப் தாளை வைத்துப் பாருங்கள். உண்மையான 10 மடங்கு 2.5 செ.மீ.யில் துல்லியமாகும், 5 செ.மீ.யில்தான் துல்லியமானால் அது 5 மடங்குதான். ஓரக் கோடுகள் வளைந்தாலோ நிறம் பிரிந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடலாம். எல்.இ.டி. விளக்கு வைத்த மாடலும் வேண்டாம், பூச்சியின் பளபளப்பான ஓட்டில் ஒளி தெறித்து அந்தப் பள்ளத்தையே மறைத்துவிடும். பக்கவாட்டு வெயில் போதும்.

நம் ஊர் உப்புக்காற்றில் மடக்குத் திருகு துருப்பிடிக்கும், வில்லையில் பூஞ்சை படியும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.