குதிரைச் சவாரி என்று 60,000 ரூபா வாங்கிவிட்டு ஏமாற்றினார்கள் – யாழ்ப்பாணத்துக்கு ஆட்களைக் கூட்டிவருபவர்கள் கட்டாயம் வாசியுங்கோ

கோபம் அடங்குமுன் எழுதிவிட வேண்டும் என்றுதான் இரவிரவாக இதைத் தட்டச்சு செய்கிறேன். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டில் இருந்து சொந்தங்கள் வந்து நிற்கும் வீடுகள் இப்போது எத்தனையோ. "வழிகாட்டியுடன் குதிரைச் சவாரி, பண்ணைக் கடற்கரை, கோட்டை" என்று ஒரு விளம்பரம் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். காசு போடுமுன் இதை வாசியுங்கள். எங்கள் வீட்டில் 60,000 ரூபா போய்விட்டது, ஒருத்தர் கூடக் குதிரையில் ஏறவில்லை.

பெயர்களை இப்போது போடவில்லை, முறைப்பாடு கொடுக்கிற வேலை இருக்கிறது. ஆனால் எப்படிப்பட்ட ஆட்கள் என்று சொன்னால் உங்களுக்கு விளங்கிவிடும். ஒன்று, சுற்றுலா வருபவர்களுக்குப் படகு, சைக்கிள், சமையல் வகுப்பு என்று எல்லாவற்றையும் பதிவு செய்து தரும் ஒரு கைத்தொலைபேசிச் செயலி. மற்றது, அந்தச் செயலிக்குள் குதிரைச் சவாரி நடத்துவதாகக் கடை விரித்திருக்கும் ஒரு ஆள். இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் எங்கள் காசு காணாமல் போனது. என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

என் தங்கச்சி குடும்பம் ரொறன்ரோவில் இருந்து வந்திருக்கிறது. பெறாமகளுக்கு பதினைந்து வயது, அங்கே ஒரு குதிரைப் பண்ணையில் சின்னதில் இருந்து குதிரை ஓடப் பழகுகிறவள். திருவிழா நடக்கிற இருபத்தைந்து நாளும் நல்லூரைச் சுற்றி வீதிகள் மூடியிருக்கும், பருத்தித்துறை வீதிப் பக்கம் வான் அசையாது, பகலில் வெயில் வேறு. பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் இந்த விளம்பரம் வந்தது. விடிய ஐந்தே முக்காலுக்குப் பண்ணைக் கடற்கரையில் தொடக்கம், இரண்டு மணித்தியாலம், கோட்டையின் வெளிப்பக்கமாகச் சுற்றி, நூலகத்தைப் பார்த்து, சுப்பிரமணியம் பூங்காப் பக்கமாகத் திரும்பி வருவது. போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை 1658 இல் ஒல்லாந்தர் பிடித்தது, பிறகு அதை ஐங்கோணமாகத் திருத்திக் கட்டியது, 1981 இல் நூலகம் எரிக்கப்பட்டது எல்லாவற்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்ல ஒரு வழிகாட்டி, தலைக்கவசம், முடிவில் காலைச் சாப்பாடு. தலைக்கு 12,000 ரூபா. தங்கச்சி, மச்சான், அவர்களின் இரண்டு பிள்ளைகள், என் மகன் என்று ஐந்து பேர். மொத்தம் 60,000.

பதிவு போட்ட உடனே அந்த ஆள் தொலைபேசியில் கூப்பிட்டார். இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்பிக்கை வந்தது இந்த இடத்தில்தான். "அக்கா, நாங்களும் இங்கத்தையான் ஆக்கள்தான், ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்று தொடங்கினார். காசைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒவ்வொருவருடைய வயது என்ன, உயரம் என்ன, எத்தனை கிலோ என்று கேட்டு எழுதினார். மச்சான் தொண்ணூற்றிரண்டு கிலோ என்றதும், "அண்ணைக்குப் பெரிய குதிரை ஒண்டு இருக்கு, சின்னதில ஏத்தினா அதுக்குக் கூடாது" என்றார். பிள்ளைகள் செருப்போடு வரக்கூடாது, கொஞ்சம் குதி வைத்த சப்பாத்து வேணும், இல்லாவிட்டால் கால், மிதித்து ஏறுகிற அங்கவடிக்குள் வழுக்கி மாட்டிக்கொள்ளும் என்று சொன்னார். பக்கத்தில் நின்ற பெறாமகள் "ஓம் பெரியம்மா, எங்கட இடத்திலயும் இதைத்தான் கேப்பினம்" என்றாள். குதிரை ஓடத் தெரிந்த பிள்ளையே சரி என்று சொன்ன பிறகு யார்தான் சந்தேகப்படுவார்கள்? தெரிந்தவர்கள் கேட்கிற கேள்விகளை அவர் பாடமாக்கி வைத்திருக்கிறார் என்பது இப்போதுதான் விளங்குகிறது.

காசு செயலிக்குள் காட்டிய வங்கிக் கணக்குக்குத்தான் போனது. அட்டையால் கட்டுகிற வழி அன்றைக்கு வேலை செய்யவில்லை, "வங்கிப் பரிமாற்றம்" என்ற தெரிவு மட்டும் வந்தது. பற்றுச்சீட்டைப் படம் எடுத்து ஏற்றினேன். "பணம் கிடைத்தது, பதிவு உறுதி" என்று செயலியில் இருந்தே செய்தி வந்தது. இதை நன்றாக நினைவில் வையுங்கள், பிறகு இதையே இல்லை என்று சொன்னார்கள்.

சனிக்கிழமை விடிய வான் பிடித்துப் பண்ணைக்குப் போய்விட்டோம். மீன் கொண்டுபோகிற ஆட்கள், நடக்க வந்த ஆட்கள் தவிர வேறு யாரும் இல்லை. ஆறு மணி ஆனது, ஆறரை ஆனது, தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. வெயில் ஏறத் தொடங்கின பிறகு ஒரு சின்ன லொறி வந்தது. அதில் ஒரே ஒரு குதிரை, கூடவே பதினாறு பதினேழு வயதுப் பெடியன் ஒருவன். மற்றக் குதிரைகள் எங்கே என்று கேட்டால் அவன் முழிக்கிறான். "வேற குதிரை இல்லை அக்கா. ஒராளை ஏத்தி ஒரு சுத்துச் சுத்திப் படம் எடுக்க விடச் சொல்லித்தான் அண்ணை சொன்னவர்" என்றான். வழிகாட்டி யார் என்றேன். அவனுக்கு அந்தச் சொல்லே புதிது. தலைக்கவசம் என்று சேணத்தில் கொளுவி இருந்தது முன்கண்ணாடி உடைந்த மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் ஒன்று.

அந்தக் குதிரையைப் பற்றி எழுதாமல் விட முடியாது. மண்ணிறம், சின்ன உடம்பு, விலா எலும்பை எண்ணலாம். முன்னங்காலுக்குப் பின்னால், சேணத்தின் பட்டியை இறுக்குகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து புண். அதன் மேல் ஊதா மருந்து பூசியிருந்தார்கள், மருந்துக்கு மேலேயும் ஈ. குளம்பின் ஓரங்கள் வெடித்து வளர்ந்திருந்தன. பெறாமகள் கிட்டப் போய்க் கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டுப் பார்த்தாள். நன்றாகத் தண்ணீர் குடித்த குதிரைக்குக் கிள்ளின தோல் உடனே படிந்துவிடுமாம், இதற்கு மடிப்பு அப்படியே நின்று மெல்ல மெல்லத்தான் படிந்தது. "பெரியம்மா, இதில ஒருத்தரும் ஏறக்கூடாது, பட்டியை இறுக்கினா நேரா புண்ணிலதான் படும்" என்று சொல்லும்போதே பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. மச்சான் முன்னுக்குப் பின் யோசிக்கவில்லை, ஏறுவதில்லை என்று சொல்லிவிட்டார். அவள் பழகும் இடத்தில் ஏறுகிற ஆளின் எடை குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட விடமாட்டார்களாம். இந்தக் குதிரை முந்நூறு கிலோ இருந்தாலே பெரிய விஷயம். எடையைக் கேட்டு எழுதிய மனுசன் அனுப்பிய குதிரை இது.

வானில் இருந்த தண்ணீர்ப் போத்தல்களை ஒரு வாளிக்குள் ஊற்றி வைத்தோம், அது தலையை எடுக்காமல் குடித்தது. நுவரெலியாவில் இருந்து கொண்டுவந்ததாகப் பெடியன் சொன்னான். அந்தக் குளிரில் ஏரிக்கரையில் நடந்த சீவனை ஆவணி வெயிலுக்கு இங்கே இறக்கி, நிழலும் தண்ணீரும் இல்லாமல் வைத்திருக்கிறார்கள். பெடியனில் எனக்குக் கோபம் இல்லை, அவனுக்கும் சம்பளம் ஒழுங்காக இல்லை என்றான்.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. முதலில் அந்த ஆள், பரந்தனில் லொறி பழுது, மற்றக் குதிரைகள் வந்துகொண்டிருக்கின்றன, பொறுங்கோ என்றார். பெடியன் வேறு குதிரையே இல்லை என்கிறானே என்று கேட்டதும் தொடர்பு அறுந்தது. பின்னேரம் எடுத்தால், "மேடம், நீங்கள்தானே ஏறமாட்டம் எண்டு சொன்னது, நாங்கள் குதிரை கொண்டந்தனாங்கள்தானே" என்கிறார். இரண்டு நாளுக்கு முன் வாய்க்கு வாய் அக்கா என்ற அதே குரல்! காசைத் திருப்பித் தாருங்கள் என்றால், காசு செயலிக்காரரிடம் இருக்கிறது, அவர்களைக் கேளுங்கோ. செயலிக்காரரைக் கேட்டால், நாங்கள் இடையில் நின்று பதிவு செய்து தருபவர்கள் மட்டும்தான், நடத்துநரோடு பேசித் தீருங்கள். திரும்ப அவருக்கு எடுத்தால் போயா விடுமுறை, கணக்குப் பிள்ளை இல்லை, வேலை நாளில் எடுங்கோ. வேலை நாளில் எடுத்தால் என் இலக்கத்தைத் தடுத்து வைத்திருக்கிறார், தங்கச்சியின் இலக்கத்தில் இருந்து எடுத்தால் மணி போகிறது. 60,000 ரூபா, ஒரு குடும்பத்தின் மாதச் செலவு, அதைப் பந்து மாதிரி இங்கேயும் அங்கேயும் எறிகிறார்கள்.

நேற்று இரவு செயலியில் இருந்து வந்த பதில்தான் என்னை இதை எழுத வைத்தது. எங்கள் பதிவு "வாடிக்கையாளர் வரவில்லை" என்று குறிக்கப்பட்டிருக்கிறதாம், அப்படிக் குறிக்கப்பட்டால் காசு திரும்பாதாம். வரவில்லையாம்! அந்தக் குதிரைக்குப் பக்கத்தில் நாங்கள் ஐந்தாறு பேர் நிற்கிற படம் நேரத்தோடு இருக்கிறது, வான்காரர் சாட்சி. படத்தை அனுப்பினேன். அடுத்த சவாரிக்குப் பத்து வீதம் கழிவு தருகிறோம் என்று ஒரு குறியீட்டு இலக்கம் அனுப்பினார்கள். வங்கிப் பரிமாற்றம் தங்கள் பொறுப்பு இல்லை என்று வேறு சொன்னார்கள், "பணம் கிடைத்தது" என்ற அவர்களுடைய செய்தியை நான் திருப்பி அனுப்பியதற்கு இன்றுவரை பதில் இல்லை. செயலியின் பக்கத்தில் நான் போட்ட கருத்தும் அழிக்கப்பட்டுவிட்டது. பச்சைப் பொய்யை எழுத்தில் போட்டு அனுப்பவும் இவர்களுக்குக் கூச்சம் இல்லை.

இன்னொன்று. அம்மா நெடுந்தீவில் பிறந்து வளர்ந்தவ. விளம்பரப் படங்களை நேற்று அவவுக்குக் காட்டினேன். இரண்டாவது படத்தைப் பார்த்த உடனேயே, "இது எங்கட தீவுக் குதிரையள் எல்லே, பின்னால பார், பவளக்கல் வேலி" என்றா. உண்மைதான். புல்வெளியில் பிடரி பறக்க நிற்கிற அந்தக் குதிரைகள் ஒருத்தருக்கும் சொந்தமில்லாமல் அங்கே திரிபவை. போர்த்துக்கேயர் காலத்தில் வந்து, ஒல்லாந்தர் பெருக்கியது என்று சொல்வார்கள். கோடையில் தண்ணீர் இல்லாமல் செத்துப்போகிற துயரமும் அதுகளுக்கு உண்டு. அந்தப் பகுதி 2015 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. குறிகட்டுவானில் படகேறி ஒரு மணித்தியாலம் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், சேணம் போட்டு ஏறுகிற குதிரைகள் இல்லை அவை. அதுகளின் படத்தைக் களவெடுத்துப் போட்டுக் காசு பிடுங்குகிறார்கள், அம்மாவுக்கு 60,000 போனதை விட இதுதான் பெரிய ஆத்திரம்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், நேரம் இரண்டு மணி ஆகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். முழுக்காசையும் முற்பணமாகக் கேட்டால் விட்டுவிடுங்கள். அட்டையால் கட்டினால் வங்கியில் ஆட்சேபிக்க ஒரு வழி இருக்கிறது, கணக்குக்குப் போட்ட காசைப் பிடிப்பது மிகக் கஷ்டம். குதிரைகளை இன்றைக்கே காணொளி அழைப்பில் காட்டச் சொல்லுங்கள், எத்தனை பேர் ஏறுகிறீர்களோ அத்தனை குதிரை, அத்தனை தலைக்கவசம். வழிகாட்டி என்றால் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதி அட்டை இருக்க வேண்டும், படம் கேளுங்கள். ஏறுமுன் பட்டி படுகிற இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள், புண் இருந்தால் ஏறாதீர்கள். தொலைபேசியில் முறையிட, பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977, சுற்றுலாவுக்கு 1912. பாவனையாளர் சபைக்கு எழுத்து மூல முறைப்பாடு மூன்று மாதத்துக்குள் போக வேண்டும், தள்ளிப்போடாதீர்கள்.

நான் திங்கட்கிழமை பற்றுச்சீட்டு, செய்திகள், படங்கள் எல்லாவற்றையும் அச்செடுத்துக்கொண்டு முறைப்பாடு கொடுக்கப் போகிறேன், அந்தக் குதிரையின் படங்களோடு கால்நடை வைத்திய அலுவலகத்துக்கும் போவேன். இதே மாதிரிப் பண்ணையில் காத்து நின்று காசை விட்டவர்கள் வேறு யாரும் இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள், பற்றுச்சீட்டில் இருக்கிற கணக்கு இலக்கத்தின் கடைசி நாலு இலக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள், ஒரே கணக்கா என்று பார்க்க வேண்டும்.