பொள்ளாச்சி மாடி ட்யூஷன்: சொல்லில் தொடங்கும் இயற்கணிதம்

ஏழாவது படிக்கும் என் மகளைப் பொள்ளாச்சியில் ஒரு கணக்கு ட்யூஷனில் சேர்த்து மூன்று மாதம் ஆகிறது. மாதம் 700 ரூபாய், வாரம் நாலு நாள், வீட்டு மாடியில் தகரக் கூரைக்குக் கீழே. பின்னம், தசமம் வரைக்கும் நன்றாகப் போட்டுக்கொண்டிருந்த பிள்ளை எக்ஸ் வந்ததும் திணறிவிட்டாள். 4எக்ஸ் + 3 என்பதைக் கூட்டி 7எக்ஸ் என்று எழுதுவாள், எங்கே தப்பு என்று தெரியாமல் அழுவாள்.

டீச்சர் முதல் இரண்டு வாரம் ஒரு கணக்கும் போட வைக்கவில்லை. சொற்கள் மட்டும்தான். காசு கட்டியாச்சு, கணக்கைக் காணோமே என்று எனக்கு எரிச்சல். அப்புறம் ஒரு நாள் கூட்டிவரப் போனவன் டீச்சர் பாடம் நடத்துவதை மாடிப்படியிலேயே நின்று கேட்டேன்.

"அம்மிணி, உங்க தோப்புத் தேங்காய் தினம் ஒரே வெலைக்கா போகுது?"

"இல்லீங்க டீச்சர்."

"அப்ப அந்த வெலை எக்ஸ், அது மாறி. வண்டி வாடகை 300, வெலை ஏறுனாலும் எறங்குனாலும் அதே 300தான், அது மாறிலி. 40 காய் வித்தா 40எக்ஸ், அந்த 40 கெழு."

கெழுமுதல் என்றால் பொருந்தியிருத்தல், மாறியோடு பொருந்தி நிற்கிற எண் கெழு என்றார். பள்ளியில் நான் மனப்பாடம் செய்து எழுதிய சொல்லுக்கு அன்றைக்குத்தான் அர்த்தம் தெரிந்தது.

ஒரு பையன் "கோவைன்னா கோயமுத்தூருங்களா?" என்று கேட்டான். அதட்டவில்லை. பூவைக் கோப்பது போல 40எக்ஸ், 300 மாதிரியான உறுப்புகளைக் கூட்டல், கழித்தல் குறியால் கோத்தால் கோவை, 40எக்ஸ் − 300 ஒரு கோவை, கையில் நின்றது 500 என்று சமக்குறி போட்டு எழுதினால்தான் அது சமன்பாடு என்று சொல்லிவிட்டு, காய் விலை 20 என்று அவனையே கண்டுபிடிக்க வைத்தார். அதே 20ஐ வைத்துத்தான் என் மகளின் தப்பையும் காட்டினார்: 4எக்ஸ் + 3 என்றால் 83, 7எக்ஸ் என்றால் 140, இரண்டும் எப்படி ஒன்றாகும்? எக்ஸோடு எக்ஸ், வெறும் எண்ணோடு எண் என்று ஒத்த உறுப்புகளை மட்டும்தான் கூட்டலாம் என்பதை அதற்குப் பிறகு அவள் மறக்கவே இல்லை.

ஆங்கில வழிப் பிள்ளைகளுக்கு வேரியபிள், கான்ஸ்டன்ட், கோஎஃபிஷியன்ட் என்று பக்கத்திலேயே எழுதிக் கொடுக்கிறார்.

குறையும் உண்டு. பலகை சின்னது, பின்வரிசைக்குத் தெரியாது. அடுக்கு (எக்ஸின் தலைமேல் போடும் சின்ன எண்), படி (ஒரு கோவையில் வரும் மிகப் பெரிய அடுக்கு) இரண்டையும் ஒரே வகுப்பில் முடித்துவிட்டார், மகள் இன்னும் படியையும் கெழுவையும் குழப்பிக்கொள்கிறாள். சொன்னேன், சனிக்கிழமை திரும்ப எடுக்கிறேன் என்றார். சேர்ப்பதாக இருந்தால் ஜூனிலேயே சேர்த்துவிடுங்கள், அந்த முதல் இரண்டு வாரத்தை விட்டுவிடக் கூடாது.