கிறிஸ்துமஸ் குடில் செட் வாங்குறவங்க இதைப் பாத்துட்டு வாங்குங்க

ஆன்லைன்ல வாங்குன பிளாஸ்டர் குடில் செட், பெயின்ட் வேலை நல்லாவே இருக்கு, மாதா முகம் அவ்வளவு அமைதி. ஆனா குழந்தை இயேசுவ தீவனத் தொட்டியோட சேத்தே ஒட்டிருக்காங்க, அதான் பெரிய குறை. எங்க வீட்ல திருவருகைக்காலம் (கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரம்) முழுக்க தொட்டி காலியாத்தான் கிடக்கும், டிசம்பர் 24 ராத்திரி பூசை முடிஞ்சு வந்துதான் பாலனை வைப்போம், அந்தக் காத்திருப்பு இல்லேன்னா குடில் வெறும் ஷோகேஸ் பொம்மைதானே. இப்போ தொட்டியோடவே எடுத்து பீரோல வச்சாச்சு. 1223ல புனித பிரான்சிஸ் அசிசியார் இத்தாலியில கிரெச்சோங்கிற ஊர்ல குடில் வச்சப்போ நிஜ மாடு கழுதையே நிறுத்துனாரு, இதுல கழுதைய காணோம்! மூணு ராஜாக்கள் மட்டும் சூப்பர், தனித்தனியா இருக்கு, ராஜாக்கள் பாலனைப் பாக்க வந்ததைக் கொண்டாடுற ஜனவரி 6 வரைக்கும் தினம் கொஞ்சம் நகத்தி நகத்தி கொண்டு வரலாம், பிள்ளைங்களுக்கு செம ஜாலி. டிசம்பர் 26ந்தேதியே குடில பிரிச்சு மூட்டை கட்டுறவங்களுக்கு இதெல்லாம் பெருசா தெரியாது. மூணு ஸ்டார்.