அச்சுக்குப் போகும் நிறம்: கலரிமீட்டரோடு ஆறு ஆண்டுகள்

நான் வடிவமைத்த முதல் பெரிய புத்தகத்தின் அட்டை, திரையில் அடர்ந்த நீலம். அச்சாகிக் கட்டுக்கட்டாக வந்து இறங்கியபோது கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. அச்சகத்தாரிடம் கோபமாகப் பேசினேன். அவர் பொறுமையாக ஃபைலைத் திறந்து அந்த நீலத்தின் மை அளவுகளைக் காட்டினார். சியான் (பச்சை கலந்த நீல மை) 100 சதவீதம், மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு மை) 90-க்கும் மேல். "நீங்க அனுப்பினது இதுதான், மிஷினும் இதைத்தான் போட்டிருக்கு" என்றார். அவர் சொன்னது சரிதான். அந்த வாரமே திரையின் நிறத்தை அளக்கும் கருவி ஒன்றை வாங்கினேன். கலரிமீட்டர் என்பார்கள். கணினி மவுஸ் அளவில் இருக்கும். திரைமேல் தொங்கவிட்டால் தனக்குக் கீழே மாறி மாறித் தோன்றும் நிறக் கட்டங்களை அளந்துகொள்ளும்.

ஆறு ஆண்டுகளாக அது என் மேசையில் இருக்கிறது. இதற்குள் மூன்று திரைகள் மாறிவிட்டன. இதை வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வாங்கலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த அட்டையின் நீலத்தை இது காப்பாற்றியிருக்காது. இதை எனக்கு யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் இரண்டு ஆண்டுக் குழப்பம் மிச்சமாகியிருக்கும்.

முதலில் கருவி என்ன செய்தது என்று பார்ப்போம். திரையை அரை மணி நேரம் சூடாகவிட்டு முதல்முறை அளந்தபோது, ஒளிர்வு சதுர மீட்டருக்கு 270 கேண்டெலா, வெண்மை 7,300 கெல்வின் (இந்த எண் கூடினால் வெண்மையில் நீலம் கூடும்) என்று வந்தது. கடையிலிருந்து வந்த நிலையிலேயே வைத்திருந்த திரை அது. பளிச்சென்று, நீலம் கலந்த வெண்மை. 6,500 கெல்வின், காமா (கருப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட நிறங்கள் எவ்வளவு வெளிச்சமாகத் தெரியும் என்பதன் அளவு) 2.2, ஒளிர்வு 120 என்று இலக்கு வைத்து அளவீட்டை ஓட்டினேன். முடிந்ததும் திரை மங்கி, மஞ்சள் பூசியது போல இருந்தது. பழைய நிலைக்கே திரும்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. மூன்றாம் நாள் கண் பழகிவிட்டது. அப்புறம் அளக்காத திரை எதைப் பார்த்தாலும் அதில்தான் நீலம் தெரிந்தது.

இந்த ஒளிர்வு விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். "படமெல்லாம் இருட்டாக அச்சாகி வந்திருக்கிறது" என்று என்னிடம் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேரின் சிக்கல் இதுதான். தாள் தானாக ஒளிராது. தன்மேல் விழும் வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும். திரையை 270-இல் வைத்துக்கொண்டு ஒரு படத்தைச் சரிசெய்தால், நிழல்பகுதிகளில் இல்லாத விவரமெல்லாம் இருப்பது போலக் கண்ணுக்குப் படும். போதும் என்று விட்டுவிடுவோம். அதே ஃபைல் தாளில் வரும்போது அந்தப் பகுதி அடைத்துப் போயிருக்கும். இதைச் சரிபார்க்கக் கருவிகூட வேண்டாம். திரையில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் விளக்கடியில் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்துப் பாருங்கள். திரை விளக்கு போலத் தெரிந்தால் குறைக்க வேண்டும். தாள் போலத் தெரியும்வரை குறைத்துக்கொண்டே வந்து, என் அறைக்கு 95 கேண்டெலாவில் நின்றேன். இன்றுவரை அங்கேதான் இருக்கிறது.

மென்பொருள் பக்கம், கருவியோடு வந்ததை ஓராண்டு பயன்படுத்திவிட்டு ஆர்கில்சிஎம்எஸ், டிஸ்ப்ளேகால் இரண்டுக்கும் மாறினேன். இரண்டும் திறமூல மென்பொருள்கள். அளவீடு மெதுவாகத்தான் ஓடும், ஆனால் என்ன அளந்தது, இலக்கிலிருந்து எவ்வளவு விலகியது என்று முழுதாகக் காட்டும். இரண்டாவது திரை விரிந்த நிற எல்லை கொண்டது. அதற்குப் பொருத்தமான திருத்தக் கோப்பைத் தேர்ந்தெடுக்காமல் அளந்தபோது தோல் நிறமெல்லாம் பச்சைச் சாயலோடு வந்தது. பின்னொளி எந்த வகை என்று தேடிப் பார்த்து உரிய கோப்பைக் கொடுத்த பிறகுதான் சரியானது. கலரிமீட்டர் வடிகட்டிகள் வழியாகப் பார்க்கும் கருவி. அது பார்க்கும் ஒளியின் தன்மை மாறினால் கணக்கும் மாற வேண்டும். மாதம் ஒருமுறை அளக்கச் சொல்லி நினைவூட்டல் வரும். நான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் அளக்கிறேன். பெரிய விலகலை இதுவரை பார்த்ததில்லை. போன ஆண்டு நண்பரின் புதுக் கருவியோடு ஒப்பிட்டபோதும் என்னுடையது கிட்டத்தட்ட அதே அளவைத்தான் காட்டியது.

சரி, திரை இப்போது உண்மை பேசுகிறது. பிறகு ஏன் அந்த நீலத்தை இது காப்பாற்றியிருக்காது என்கிறேன்?

திரை காட்டும் தூய நீலம், அச்சின் சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்ற நான்கு மைகளால் எட்டவே முடியாத இடத்தில் இருக்கிறது. சியான் மையும் மெஜந்தா மையும் கலந்துதான் தாளில் நீலம் வர வேண்டும். அந்த இரண்டு மைகளும் முழுத் தூய்மையானவை அல்ல. இரண்டும் தாங்கள் விட்டுவைக்க வேண்டிய ஒளியிலும் கொஞ்சத்தை விழுங்கிவிடும். சியானும் மெஜந்தாவும் நெருங்கிய அளவில் சேர்ந்தால் கண் அதை ஊதாவாகத்தான் பார்க்கிறது. நீலம் நீலமாக நிற்க வேண்டுமானால் மெஜந்தா சியானைவிட 30 சதவீதமாவது பின்தங்கியிருக்க வேண்டும். அட்டை மறுபதிப்புக்கு வந்தபோது சியான் 100, மெஜந்தா 65 என்று நானே எண்களைப் போட்டேன். திரையில் இருந்த அந்த ஜொலிப்பு வரவில்லை. ஆனால் பார்ப்பவர் யாரும் அதை ஊதா என்று சொல்லமாட்டார்கள்.

இதை அச்சுக்கு முன்பே திரையில் பார்த்துக்கொள்ளும் வழிதான் சாஃப்ட் புரூஃப். இந்த ஆறு ஆண்டில் நான் கற்றவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் வைத்துக்கொள்வேன். போய்ச் சேரும் தாளுக்கும் அச்சுமுறைக்கும் உரிய புரொஃபைலை (அந்தத் தாளில் மை எப்படித் தெரியும் என்று சொல்லும் கோப்பு) மென்பொருளில் கொடுத்து, தாளின் வெண்மையையும் சேர்த்துக் காட்டச் சொன்னால், படம் தாளில் எப்படி இருக்கும் என்பதைத் திரை நடித்துக் காட்டும். முதல்முறை பார்ப்பவருக்கு மனசு ஒடிந்துவிடும். வெள்ளை சாம்பலாகும், கருப்பு வெளுக்கும், படத்தின் உயிரே போனது போல இருக்கும். அதைச் சொடுக்கும்போது ஒரு நொடி வேறெங்காவது பார்த்துவிட்டுத் திரும்புங்கள். மென்பொருளின் வெள்ளைச் சட்டங்களை மறைத்து முழுத்திரையில் பாருங்கள். பக்கத்தில் பளிச்சென்ற வெள்ளை இல்லாவிட்டால் கண் அந்தத் தாளின் வெண்மையையே வெள்ளையாக ஏற்றுக்கொள்ளும். அதன் பிறகு எடுக்கும் திருத்த முடிவுகளை நம்பலாம்.

ஆனால் இதற்கெல்லாம் எந்தப் புரொஃபைல் என்று தெரிந்தாக வேண்டும். "ஆர்ஜிபி வேண்டாம், சிஎம்ஒய்கேல அனுப்பிடுங்க, போதும்" என்று சில அச்சகங்களில் சொல்வார்கள். ஆர்ஜிபி என்பது திரையின் சிவப்பு, பச்சை, நீல ஒளி அளவுகள்; சிஎம்ஒய்கே என்பது அந்த நான்கு மைகளின் அளவுகள். போதாது. சியான் 50, மெஜந்தா 40, மஞ்சள் 40 என்பது ஒரு நிறத்தின் பெயர் அல்ல, மை போடச் சொல்லும் உத்தரவு. அதே உத்தரவு வழவழப்பான ஆர்ட் பேப்பரில் நல்ல சாம்பலாக வரலாம். பூச்சில்லாத தாளில் அது கருத்து அழுக்காகலாம். மைப்புள்ளி தாளில் ஊறி விரிவதுதான் காரணம். ஆர்ட் பேப்பரிலேயே 50 சதவீதப் புள்ளி ஏறக்குறைய 65 சதவீதம் அளவுக்குப் பருத்துத் தெரியும். பூச்சில்லாத தாளில் இன்னும் பருக்கும். இந்த நடத்தையை எல்லாம் எண்ணாக எழுதி வைத்த கோப்புதான் ஐசிசி புரொஃபைல். இந்தக் கோப்புக்குப் பொது வடிவம் வகுக்கும் ஐசிசி என்ற சர்வதேச நிறக் கூட்டமைப்பை 1993-இல் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கின. ஜெர்மனியின் ஃபோக்ரா என்ற அச்சு ஆய்வு நிறுவனத்தின் ஃபோக்ரா39, அதற்குப் பின் பூசிய தாளுக்கு ஃபோக்ரா51, பூசாத தாளுக்கு ஃபோக்ரா52 என்று வந்த அளவைத் தொகுப்புகளிலிருந்து செய்த புரொஃபைல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆகவே வேலை தொடங்கும் முன்பே தாள் எது, புரொஃபைல் எது, ஒரே இடத்தில் விழும் நான்கு மைகளும் கூட்டினால் எத்தனை சதவீதம் வரை போகலாம் என்று கேட்டுவிடுகிறேன். 300 சதவீதம் என்று சொன்ன இடத்தில் 360-க்குப் போனால் மை காயாமல், அடுக்கில் மேலே விழும் தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும்.

ஃபைல் தயாரிப்பில் என்னை அதிகம் பாடுபடுத்தியது கருப்பு. ஒரு சிறு கையேட்டில் எழுத்துகளின் விளிம்பு எல்லாம் கொஞ்சம் மசமசவென்று இருந்தது. பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தின் இடப்பக்கமும் மெல்லிய சிவப்புக் கோடு, வலப்பக்கம் நீலப் பச்சை. "ழ"-வின் உள்சுழி முழுக்க மஞ்சள் கசிவு. உரைக் கோப்பிலிருந்து ஒட்டியபோது கருப்பு ஆர்ஜிபியாக வந்து, சிஎம்ஒய்கே மாற்றத்தில் சியான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கருப்பு 90 என்று நான்கு பிளேட்டிலும் (மைக்கு ஒன்றாக உள்ள அச்சுத் தகடுகள்) ஏறியிருந்தது. தாள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் நான்கும் ஒன்றன்மேல் ஒன்று உட்காராது. தமிழ் எழுத்துகளில் சுழிகளும் வளைவுகளும் நெருக்கமாக இருப்பதால் சிறிய அளவில் இது இன்னும் கண்ணை உறுத்தும்.

அன்றிலிருந்து ஃபைல் அனுப்பும் முன் ஒரு சோதனையைத் தவறவிட்டதில்லை. அக்ரோபாட்டில் பிளேட்டுகளைத் தனித்தனியே காட்டும் வசதியைத் திறந்து, கருப்புப் பிளேட்டை மட்டும் அணைப்பேன். உரை முழுவதும் மறைந்துவிட வேண்டும். எங்காவது நிழல் போல ஓர் எழுத்து மிஞ்சியிருந்தால் அது நான்கு பிளேட்டில் இருக்கிறது என்று பொருள். ஒரு நிமிட வேலை. பெரிய கருப்புப் பரப்புகளுக்கு நேர்மாறு. கருப்பு மையை மட்டும் போட்டால் வெளிறித் தெரியும். அங்கே 60, 40, 40, 100 போலக் கலந்து போடுகிறேன்.

கருப்பு வெள்ளைப் படங்களில் எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. நான்கு மையில் அச்சிட்டால் ஆழம் அருமையாக வரும். ஆனால் ஏதோ ஒரு மை சற்றே ஏறினாலோ இறங்கினாலோ ஒரு ஃபாரத்தில் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள்) படங்கள் இளஞ்சிவப்பாகவும் அடுத்ததில் பச்சையாகவும் சாயும். கருப்பு மட்டும் என்றால் சாயல் வராது, ஆழமும் வராது. கருப்போடு ஒரு சாம்பல் ஸ்பாட் மையை (அந்த நிறத்திலேயே தனியாகக் கலந்த மை) சேர்த்து இரண்டு நிறமாக அச்சிட்ட புத்தகம்தான் நான் செய்தவற்றில் அழகாக வந்தது. அதற்கு வழியில்லாதபோது, கருப்பு பெரும்பாலான வேலையைச் செய்து மற்ற மூன்றும் லேசாகத் துணைநிற்கும்படி பிரிக்கிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். படங்கள் அச்சாகும் அளவில் 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) இருந்தால் போதும். வெட்டுக்கு வெளியேயும் படம் 3 மி.மீ. நீளும்படி பிளீட் விடுகிறேன். அச்சுக்கென்றே உள்ள பழைய பிடிஎஃப் வடிவமான பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ-இல் அனுப்பிய காலத்தில் நிழல்களும் ஒளி ஊடுருவும் பொருள்களும் துண்டுதுண்டாகப் பிரிக்கப்பட்டு, திரையில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரியும். வாடிக்கையாளர் பதறிப்போய் அழைப்பார். பிடிஎஃப்/எக்ஸ்-4 அவற்றைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருப்பதால் அந்தத் தொல்லை போனது. அச்சகம் பழைய வடிவம்தான் வேண்டும் என்று கேட்டால் மட்டும் எக்ஸ்-1ஏ.

வெளிச்சத்தைக் கடைசியில்தான் கவனித்தேன், முதலில் கவனித்திருக்க வேண்டும். ஒரு புரூஃபை (அச்சுக்கு முன் தாளில் எடுக்கும் மாதிரி) ஜன்னலோரம் பார்த்து ஒப்புதல் கொடுத்தேன். மாலையில் மேசை விளக்கில் அதே தாளில் சாம்பல் பின்னணி சிவந்து தெரிந்தது. தாளில் எதுவும் மாறவில்லை, வெளிச்சம்தான் மாறியது. அச்சுத் துறைக்கான ஐஎஸ்ஓ 3664 தரம் பகல் வெளிச்சம் போன்ற டி50 ஒளியில் பார்க்கச் சொல்கிறது, நுணுக்கமாக ஒப்பிட 2,000 லக்ஸ் வெளிச்சம். முழு விளக்குப் பெட்டி வாங்கவில்லை. டி50 குழல்விளக்கு ஒன்றைப் பொருத்தி, மேசைக்குப் பின்சுவருக்குச் சாம்பல் வண்ணம் அடித்தேன். சில தாள்களில் வெண்மையைக் கூட்ட ஒளிர்வூட்டிகள் சேர்த்திருப்பார்கள். புற ஊதா உள்ள வெளிச்சத்தில் அவை நீலம் பாயும். ஆகவே புரூஃப் தாளும் அச்சுத் தாளும் ஒரே வகையா என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

என் கருவி திரையை மட்டுமே அளக்கும், தாளை அளக்காது. அதற்கு ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் வேண்டும், அது இன்னும் என்னிடம் இல்லை. அதுவரைக்கும் முக்கியமான வேலைகளுக்கு, ஓரத்தில் உக்ரா/ஃபோக்ரா மீடியா வெட்ஜ் அச்சிட்ட புரூஃபாகக் கேட்டு வாங்குகிறேன். 72 கட்டங்கள் கொண்ட சிறு பட்டை அது. கூடவே அவர்கள் அளந்த எண்களையும் வாங்கிக்கொள்கிறேன். போன மாதம் வந்த புரூஃபில் ஒரு கட்டம் மட்டும் அனுமதிக்கப்பட்ட விலகல் எல்லையைத் தாண்டியிருந்தது. பார்த்தால் அது அடர்நீலக் கட்டம். அட்டையும் அடர்நீலம்தான். மறுபடி புரூஃப் எடுக்கச் சொன்னேன், இரண்டாவது முறை எல்லைக்குள் வந்தது. அதில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.