மதுரை ஏர்போர்ட்டில் இறங்கி ஓலா, ஊபர் போடலாமா?

பகல் நேரம், ஆளுக்கொரு சின்னப் பெட்டி, போக வேண்டியது ஊருக்குள்: இந்த மூன்றும் பொருந்தினால் தாராளமாகப் போடலாம். பெரும்பாலும் அதுதான் மலிவு. மூன்றில் ஒன்று மாறினாலும் வேறு வழி பார்ப்பது நல்லது.

சென்னையில் எந்நேரமும் விமானம் இறங்குகிறது, அதனால் ஆப் வண்டிகள் பக்கத்திலேயே காத்துக் கிடக்கின்றன. மதுரையில் அப்படியில்லை. அடுத்தடுத்து இரண்டு மூன்று விமானம் வரும், பிறகு வெகுநேரம் வெறிச்சோடும். அந்த இடைவெளியில் காத்திருப்பது டிரைவருக்குக் கட்டுப்படியாகாது. மதுரை ரயில்வே ஜங்ஷனிலிருந்து ஏர்போர்ட் சுமார் 12 கி.மீ. ஆகவே நீங்கள் புக் செய்யும் வண்டி வில்லாபுரம், பழங்காநத்தம், திருநகர் பக்கத்திலிருந்து காலியாக ஓடி வரும். அந்தக் காலி ஓட்டத்துக்கு அவருக்குப் பெரும்பாலும் காசு கிடையாது. “எங்க சார் போகணும், கேஷா ஆன்லைனா?” என்று போன் வருவதும், பதில் பிடிக்காவிட்டால் கேன்சல் ஆவதும் இதனால்தான். கேஷ் என்று போட்டு, போன் வந்தவுடன் எடுத்து, இறங்கும் இடத்தைத் தெளிவாகச் சொன்னால் பாதிக் கேன்சலைத் தவிர்க்கலாம்.

விமானம் தரை தொட்டவுடன் புக் செய்யாதீர்கள். வண்டி வந்து நிற்க, பெட்டி வராமல் போக, காத்திருப்புக் கட்டணம் ஏறும். வாகனங்களுக்கு உள்ளே இலவச நேரம் கொஞ்சம்தான். அது தாண்டினால் பார்க்கிங் கட்டணம் விழும், அதை யார் கொடுப்பது என்று வாசலிலேயே வாக்குவாதம். பெல்ட்டில் பெட்டி கண்ணில் பட்ட பிறகு புக் செய்தால் போதும். ஆப்பின் மேப்பில் நீங்கள் ஏறும் இடத்தைக் காட்டும் பின் குறி (pin) எங்கே விழுந்திருக்கிறது என்றும் பாருங்கள். கட்டடத்துக்குள் ஜிபிஎஸ் தடுமாறி ரிங் ரோட்டில் விழும். அதை வருகை வாசலுக்கு நகர்த்திவிட்டுப் போடுங்கள்.

வண்டி வகையில் பலர் ஏமாறுவது டிக்கி விஷயத்தில். ஆப்பில் ‘மினி’ வகையில் வரும் சின்னக் கார்களில் பலவற்றில் சிஎன்ஜி எரிவாயு சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொண்டிருக்கும், ஒரு பெரிய பெட்டிக்கே இடம் இருக்காது. செடான் போட்டாலும் சிஎன்ஜி டிசையர் வந்தால் இதே கதைதான். பழைய எட்டியோஸ் வந்தால் அதிர்ஷ்டம், அதன் டிக்கி விசாலம். கொழும்பு, சிங்கப்பூரிலிருந்து நாலு பெட்டியோடு வருபவர்கள் நேராக எர்டிகா மாதிரி பெரிய வண்டி போடுங்கள், அல்லது டிரைவரிடம் போனிலேயே “சிஎன்ஜியா, மேலே கேரியர் இருக்கா?” என்று கேட்டுவிடுங்கள். ராபிடோ பைக், முதுகுப்பை மட்டும் உள்ளவருக்கு.

மீனாட்சியம்மன் கோயில் பக்கம் தங்குபவர்கள் லாட்ஜ் வாசலைத்தான் டிராப்பாகப் போட வேண்டும். கோயில் என்று போட்டால் மேப் சித்திரை வீதியைக் காட்டும், அங்கே கார் போகாது. மேலப் பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கமும் மாலையில் நெரிசல் அதிகம். சாமான் குறைவென்றால் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் இறங்கி நடப்பது சீக்கிரம்.

வெளியூர் பஸ் பிடிப்பவர்கள் நிலையத்தைச் சரியாகப் போடுங்கள். திருச்சி, ராமேஸ்வரம், திருநெல்வேலி என்றால் மாட்டுத்தாவணி. தேனி, திண்டுக்கல், கொடைக்கானல், கோவை என்றால் ஆரப்பாளையம். மாட்டுத்தாவணிக்கு டிரைவர் ரிங் ரோடு பிடித்தால் சுற்றுகிறாரோ என்று சந்தேகப்பட வேண்டாம், ஊருக்குள் சிக்காமல் போக அதுதான் வழி.

நேரே வெளியூருக்குக் கார் வேண்டுமென்றால் ஒருவழிக்கு மட்டும் காசு வாங்கும் ஒன்வே டிராப் டாக்சியின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் குறைந்தது 130 கி.மீ. என்று பில் போடுகின்றன. காரைக்குடி சுமார் 95 கி.மீ.தான். கி.மீ.க்கு 14 ரூபாய், டிரைவர் பேட்டா 400 என்று வைத்தால்கூட 130 × 14 = 1,820, அதோடு பேட்டா சேர்த்து 2,220. டோல் தனி. சுமார் 175 கி.மீ. உள்ள ராமேஸ்வரத்துக்கு இந்த முறை லாபம். சுமார் 45 கி.மீ. உள்ள விருதுநகருக்கு நஷ்டம், அதற்கு ஆப்பின் அவுட்ஸ்டேஷன் கட்டணத்தையும் உள்ளூர் டாக்சியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கொடைக்கானல் என்றால் மலைக் கட்டணம் உண்டா என்று முன்பே கேளுங்கள்.

இரவு கடைசி விமானம், அதிகாலை முதல் விமானம் இரண்டுக்கும் எங்கள் ஓட்டு உள்ளூர் கால் டாக்சிக்குத்தான். ரெட் டாக்சி, ஃபாஸ்ட் டிராக் போன்றவற்றில் முந்தைய நாளே சொல்லி வைக்கலாம், பேச ஆள் இருக்கும். ஆப்பில் ‘ஷெட்யூல்’ செய்வதை நம்பி விமானத்தை அதன்மேல் வைக்காதீர்கள். பல நேரம் அது குறித்த வேளையில் உங்களுக்காக வண்டி தேடத் தொடங்கும், அவ்வளவே. விடிகாலையில் தேடினாலும் வண்டி இருக்க வேண்டுமே.

“கேன்சல் பண்ணிடுங்க, நான் நேரா கூட்டிட்டுப் போறேன்” என்று டிரைவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ட்ரிப் பதிவு, கட்டணத்துக்கான ஆதாரம், வீட்டாருக்கு அனுப்பும் லைவ் லொகேஷன் எல்லாம் அதோடு போய்விடும். நம்பர் பிளேட் மஞ்சளில் கறுப்பு எழுத்தா, மின்சார வண்டியானால் பச்சையில் மஞ்சள் எழுத்தா என்று பாருங்கள். வெள்ளை போர்டு வாடகை வண்டியல்ல, ஏற வேண்டாம்.

பொங்கலன்று விமானம் பிடிப்பவர்களுக்கு ஒன்று. தை முதல் நாள் அவனியாபுரம் ஜல்லிக்கட்டு, ஏர்போர்ட் சாலை அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. அன்று போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள். திருப்பரங்குன்றம் பக்கமோ ரிங் ரோட்டில் மண்டேலா நகர் வழியோ வரச் சொல்லி, வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே வண்டி ஏறிவிடுங்கள்.