பினியன் பேரிங் ஆடுகிறதா? நட்டை முறுக்குவதா, பேரிங் மாற்றுவதா, கூட்டையே இறக்குவதா?

சம்பா அறுப்பு தொடங்கிவிட்டால் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் லாரிக்கு ஓய்வே கிடையாது. கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டை 250 ஏற்றினால் 10 டன். அந்த நேரம் பார்த்துத்தான் பின் ஹவுசிங்கில், அதாவது பின் அச்சின் நடுவே உள்ள பல்சக்கர உறையில், ஊளைச் சத்தம் கிளம்பும். உள்ளே இருப்பவை இரண்டு: இன்ஜின் சுழற்சியை வாங்கும் சின்னப் பல்சக்கரம் பினியன், அது திருப்பும் பெரிய சக்கரம் கிரவுன். ஆக்சிலேட்டரை விட்டால் சத்தம் மாறும். பட்டறைக்குப் போனால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எல்லாமே ஏதோ ஒரு கோளாறுக்குச் சரியான வைத்தியம்தான். எந்தக் கோளாறு என்று பார்க்காமல் கை வைப்பதால்தான் காசு போகிறது.

டயருக்குக் கட்டை கொடுத்து, கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வரும் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு, அது மாட்டியிருந்த பினியன் முகப்பை (பிளாஞ்ச்) கையால் பிடித்து அசைத்துப் பாருங்கள். சுற்றுவாக்கில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். கிரவுன் பல்லுக்கும் பினியன் பல்லுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி அது. மேல் கீழாகவோ உள் வெளியாகவோ கைக்கு ஆட்டம் தெரியவே கூடாது. பினியனைத் தாங்கி எதிரெதிராக நிற்கும் இரண்டு டேப்பர் (கூம்பு உருளை) பேரிங்கையும் அழுத்தம் வைத்துத்தான் பூட்டுகிறார்கள்.

பினியன் முனையில் உள்ள நட்டை முறுக்குவது செலவில்லாத வழி. நட் மட்டும் தளர்ந்து, பேரிங்கும் ஆயிலும் நன்றாக இருந்தால் அது போதும். தேய்ந்த பேரிங்குக்கு அது உதவாது. இரண்டு பேரிங்குக்கும் நடுவில் கெட்டி ஸ்பேசர் (இடைவளையம்) உள்ள வண்டியில் எவ்வளவு முறுக்கினாலும் ஆட்டம் போகாது, மரைதான் கெடும். அதற்குப் பதில் நசுங்கும் ஸ்லீவ் உள்ள வண்டியில் ஆட்டம் மறையும். ஆனால் தேய்ந்த உருளைகள் இன்னும் சூடாகி, லோடோடு நடுவழியில் நிற்க வைக்கும்.

பேரிங் மாற்றுவதென்றால் இரண்டையும் மாற்றுங்கள், கப்போடு (வெளி வளையம்) சேர்த்து. பழைய கப்பில் புதுக் கோன் (உருளையுள்ள உள் வளையம்) போடுவது வீண் செலவு. ஆயில் சீல் போடுவதற்கு முன் பினியனைக் கேஜில் (இரண்டு பேரிங்கும் உட்காரும் உறை) பூட்டி, கேஜைச் சுற்றிக் கயிறு சுற்றி, ஸ்பிரிங் தராசில் மாட்டி ஒரே சீராக இழுங்கள். கேஜ் சுழன்றுகொண்டே இருக்கும்போது முள் காட்டும் எடையை அந்த வண்டியின் மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிட்டு, ஸ்பேசரின் தடிமனைக் கூட்டிக் குறையுங்கள். கையால் சுற்றிப் பார்த்து 'டைட்டா இருக்கு, சரி' என்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். கேஜுக்கு அடியில் இருந்த ஷிம்மை (மெல்லிய தகடு) அப்படியே திரும்ப வைத்து, கிரவுன் பல்லில் மை தடவி, பினியன் பல் எங்கே படுகிறது என்று தடம் பாருங்கள்.

பேரிங் உட்காரும் இடமே தேய்ந்திருந்தால் புதுப் பேரிங்கும் நிற்காது. கப் விரலால் தள்ளியதும் கழன்று வந்தால் அதுதான் அர்த்தம். உட்காரும் இடத்தில் பஞ்ச் அடித்துப் புள்ளி எழுப்பி இறுக்குவது சில லோடு தாங்கும். அந்தப் புள்ளிகள் அமுங்கியதும் பழைய கதைதான். இடைவெளி மிகச் சின்னதாக இருந்தால், எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்துப் பேரிங் பசை போடலாம், சீசனை ஓட்டிவிடலாம். நிலையான வழி, கேஜை லேத்தில் குடைந்து புஷ் இறக்குவது அல்லது கேஜையே மாற்றுவது. பினியன் தண்டு தேய்ந்திருந்தால் வெல்டிங் வைக்க விடாதீர்கள். மேல்பரப்பு கடினமாக்கிய இரும்பு அது, சூட்டில் விரிசல் விடும். கிரவுனும் பினியனும் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும், சேர்த்து உராய்த்துப் பொருத்தியவை.

கிரவுன், பினியன், பேரிங் எல்லாம் சேர்ந்த பழைய முழுக் கூட்டை வாங்கி மாட்டுவது வேகமான வழி. பல் உடைந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். கிரவுன் பல்லைப் பினியன் பல்லால் வகுத்துப் பாருங்கள்: 41க்கு 6 என்றால் 6.83, 41க்கு 7 என்றால் 5.86. உங்கள் வண்டிக் கணக்கோடு ஒத்துப்போனால் மட்டும் வாங்குங்கள்.

நம் பக்கத்தில் இந்தப் பேரிங்கைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர்தான் என்பது என் எண்ணம். சூடான ஹவுசிங் மழைத் தண்ணீர் தேங்கிய ரோட்டில் முங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கும். ஹவுசிங்கின் காற்றுத் துளையான பிரீதர் சேற்றில் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். எந்த வேலை செய்தாலும் பிரீதரைக் கழற்றிக் கழுவி மாட்டச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் லோடில்லாமல் கொஞ்ச தூரம் ஓட்டி, நிறுத்தி, ஹவுசிங்கின் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சகஜம். கை வைக்கவே முடியாமல் சுட்டால் அழுத்தம் அதிகம். மூட்டை ஏற்றுவதற்கு முன்பே பட்டறைக்குத் திருப்புங்கள்.