ஒரே தெருவில் ஏழு டைபாய்டு: பேண்டா, ஏழு ஜீனா, முழு ஜீனோமா?

வேலூரில் ஒரு தெருவில் ஒரே வாரத்தில் ஏழு பிள்ளைகளுக்குப் பிளட் கல்ச்சரில் (இரத்தத்தில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) டைபாய்டு வந்துவிட்டது என்று வையுங்கள். சாக்கடையை ஒட்டிப் போகும் ஒரு குழாய் உடைந்ததால் வந்ததா? இல்லை, எப்போதும் ஊரில் இருக்கும் டைபாய்டுதான் ஏழு வீட்டிலும் தனித்தனியாக வந்ததா? 2017 முதல் 2020 வரை டெல்லி, கொல்கத்தா, புனே, வேலூர் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், நம் ஊரில் டைபாய்டு நிறையவே இருப்பது தெரிந்தது. அதனால் இந்தக் கேள்வி இங்கே லேசானதில்லை. குழாயைத் தோண்டுவதா வேண்டாமா என்பதே இதில்தான் இருக்கிறது.

ஏழு பேரின் கிருமியும் ஒன்றுதானா என்று டி.என்.ஏ.வை ஒப்பிட்டுப் பார்க்க மூன்று வழி உண்டு. பழைய வழி, பல்ஸ்டு ஃபீல்டு ஜெல். கிருமியை அகரோஸ் என்ற ஜெல்லிப் பொருளில் கலந்து சின்னக் கட்டியாக உறையவைத்து, அதற்குள்ளேயே செல்லை உடைத்து, எக்ஸ்பா ஒன் என்ற என்சைமால் டி.என்.ஏ.வை வெட்ட வேண்டும். அப்புறம் இரவு முழுக்க, திசை மாறி மாறிப் பாயும் கரண்டில் ஜெல் ஓடும். காலையில் சாயம் ஏற்றி அல்ட்ராவயலட் விளக்கில் வைத்தால், வெட்டுப்பட்ட துண்டுகள் அளவுவாரியாகப் பிரிந்து, ஏணிப்படி போலக் கோடுகளாக, அதாவது பேண்டுகளாக, தெரியும். ஏழு வரிசையும் ஒரே மாதிரி நின்றால் மனசு துள்ளும். 1996-ல் அமெரிக்காவில் தொடங்கிய பல்ஸ்நெட் என்ற லேப்களின் கூட்டமைப்பு பல வருஷம் இதை நம்பித்தான் உணவு வழி நோய்களைத் துரத்தியது.

ஆனால் டைபாய்டு கிருமியிடம் ஒரு குணம் உண்டு. அதன் குரோமோசோமின் பெரிய துண்டுகள் இடம் மாறிக்கொள்ளும். டி.என்.ஏ.வின் எழுத்து மாறாமலே பேண்டு மாறிவிடலாம். உறவுக் கிருமியை அந்நியன் என்று தள்ளிவிடுவோம்.

இரண்டாவது வழியான எம்.எல்.எஸ்.டி. (மல்டிலோகஸ் சீக்வென்ஸ் டைப்பிங்) ஏழு ஜீன்களை மட்டும் படிக்கும். முடிவு ஒரு வகை எண்ணாக வருவதால் எந்த லேபோடும் ஒப்பிடலாம். ஐ.சி.யூ.வில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா பரவினால் முதல் சல்லடையாக உதவும். டைபாய்டுக்கு வேண்டவே வேண்டாம்: உலகத்து டைபாய்டில் பெரும்பகுதி ஒன்று, இரண்டு என்ற இரண்டே எண்ணில் அடங்கிவிடும். (காசநோயிலும் இப்படித்தான். ஐ.எஸ். 6110 என்ற டி.என்.ஏ. துண்டு எத்தனை இடத்தில் இருக்கிறது என்று பார்க்கும் முறை வெளிநாட்டில் நன்றாக வேலைசெய்தது; ஆனால் தென்னிந்தியக் கிருமிகள் பலவற்றில் அந்தத் துண்டு ஒன்றே ஒன்று இருப்பதால் இங்கே தடுமாறியது.)

மூன்றாவது வழியான முழு ஜீனோம் வரிசைதான் என் தேர்வு. கிருமியின் டி.என்.ஏ.வில் இருக்கும் சுமார் 48 லட்சம் எழுத்தையும் படிக்கிறது, எந்த மருந்து கேட்காது என்பதையும் அதிலேயே பார்த்துவிடலாம். செலவு அதிகம், கணினி தெரிந்த ஆளும் வேண்டும். இதற்கும் எல்லை உண்டு. டைபாய்டு கிருமியில் சராசரியாக வருஷத்துக்கு ஓர் எழுத்துகூட மாறாது. ஆக, பத்து இருபது எழுத்து வித்தியாசம் வந்தால் ஒரே குழாய் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். ஒன்றுமே மாறவில்லை என்றால் ஒரே குழாய் என்று சொல்லிவிட முடியாது. பக்கத்துத் தெருவில் ஆறு மாதம் முன்பு வந்ததும் அதே எழுத்தோடு இருக்கலாம்.

அந்த இடத்தில் கைகொடுப்பது வீட்டு விவரம்தான். எந்தத் தொட்டித் தண்ணீர், கடைசியாக என்றைக்கு வந்தது, காய்ச்சல் எந்தத் தேதியில் தொடங்கியது என்ற மூன்றையும் பிளட் கல்ச்சர் படிவத்திலேயே கேட்டு எழுதிவிடலாம், பாட்டில் லேபுக்குப் போகும் முன்பே.